கண்ணாடிச் சீட்டு மட்டும் போதாது: தொடுவில்லையைத் தெரிவு செய்வது எப்படி?

பத்தொன்பது வயது மாணவி ஒருவர் அண்மையில் தமது கண்ணாடிச் சீட்டை என் மேசையில் வைத்து, "அக்கா, இதே நம்பரில லென்ஸ் ஒரு சோடி தாங்கோ" என்று கேட்டார். சீட்டில் இரு கண்களுக்கும் −6.00 என்று குறும்பார்வைக்கான இலக்கம் எழுதியிருந்தது. எழுதியவர் சரியாகவே எழுதியிருந்தார். ஆயினும் அந்தச் சீட்டை மட்டும் பார்த்து ஒரு சோடியை எடுத்துக் கொடுத்திருந்தால், அது அவருக்குப் பிழையான சோடியாகவே இருந்திருக்கும். மூக்குக்கண்ணாடி கண்ணுக்கு வெளியே நிற்கிறது. கொன்ராக்ட் லென்ஸ் உயிருள்ள இழையத்தின் மீது அமர்கிறது. ஆகவே எத்தனையாம் இலக்கம் என்று கேட்பதற்கு முன்னர், எப்படிப்பட்ட கண், அந்தக் கண்ணுக்கு உரியவர் எப்படிப்பட்ட சூழலில் வாழ்கிறார் என்று கேட்க வேண்டியிருக்கிறது. கொன்ராக்ட் லென்ஸைத் தமிழில் தொடுவில்லை என்பர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் இருந்து மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் கிறீன் வைத்தியர் 19 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மண் இது. கண்ணைப் பற்றித் தமிழில் பேச நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை.

கண்ணின் கரிய வட்டத்துக்கு முன்னால், மணிக்கூட்டின் மேற்கண்ணாடி போல ஒளி ஊடுருவும் ஒரு மூடி இருக்கிறது. அதுவே விழிவெண்படலம். பெயரில் வெண்மை இருந்தாலும் அது பளிங்கு போலத் தெளிந்தது. நடுவில் அதன் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீற்றர். குறுக்களவு 12 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. ஒளிக்குத் தடையாக எதுவும் இருக்கக்கூடாது என்பதால் அதனுள் இரத்தக் குழாய்கள் இல்லை. கண் திறந்திருக்கும் வேளையில் தனக்கு வேண்டிய ஒட்சிசனின் பெரும்பகுதியை, கண்ணீர்ப் படலத்தினூடாக வெளிக்காற்றிலிருந்தே அது பெற்றுக்கொள்கிறது. தொடுவில்லையை அணியும்போது அந்தக் காற்று வரும் வழியில் ஒரு திரையைப் போடுகிறோம். திரை காற்றைப் போதிய அளவு விடாவிட்டால் படலம் வீங்கிப் பார்வை புகைமூட்டமாகும். அது ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால், ஒட்சிசனைத் தேடி விளிம்பிலிருந்து சிறு இரத்தக் குழாய்கள் படலத்துக்குள் வளரத் தொடங்கும்.

தொடுவில்லையின் வரலாறு பெரும்பாலும் இந்தத் திரையை மூச்சு விடச் செய்வதற்கு நடந்த முயற்சியின் வரலாறுதான். 1888 ஆம் ஆண்டில் சூரிச் நகரில் பணியாற்றிய அடோல்ஃப் ஃபிக் என்ற மருத்துவர் விவரித்த வில்லை கண்ணாடியால் ஆனது. சில மணி நேரத்துக்கு மேல் அதைத் தாங்க இயலாது. பின்னர் கடினமான பிளாஸ்ரிக் வந்தது. அதுவும் காற்றை விடாது. நீரை உறிஞ்சி மெதுமையாகும் பொருளில் வில்லை செய்யலாம் என்று காட்டியவர் செக் நாட்டு வேதியியலாளர் ஒட்டோ விக்தர்லே. 1961 ஆம் ஆண்டின் நத்தார்க் காலத்தில், தமது வீட்டில், பிள்ளைகளின் விளையாட்டுப் பொறித்தொகுதி ஒன்றையும் சைக்கிள் டைனமோவையும் இணைத்து, மெதுவில்லை வார்க்கும் பொறியை அவர் செய்தார். மின்சாரம் இல்லாத தொண்ணூறுகளில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட யாழ்ப்பாணத்தவர்களுக்கு இந்தச் செய்தி தனியாக நெஞ்சில் தங்கும். இன்று பரவலாக உள்ள சிலிக்கன் ஐதரோஜெல் வகை 1990களின் இறுதியில் சந்தைக்கு வந்தது. பழைய மெதுவில்லைகளை விடப் பல மடங்கு ஒட்சிசனை அது உட்புக விடுகிறது. நாள் முழுவதும் அணிபவர்களுக்கும் இலக்கம் கூடியவர்களுக்கும் நான் முதலில் எடுத்துப் பார்ப்பது இந்த வகையையே.

இனி அந்த மாணவியின் −6.00 க்கு வருவோம். மூக்குக்கண்ணாடி கண்ணிலிருந்து ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் தள்ளி நிற்கிறது. வில்லையைக் கண்ணின் மேலேயே வைக்கும்போது அந்த இடைவெளி இல்லாமற் போவதால் வேண்டிய வலுவும் மாறுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் −6.00 கண்ணாடிக்கு ஈடான தொடுவில்லை ஏறத்தாழ −5.60, கிடைக்கும் அளவுகளில் −5.50 அதற்கு மிக நெருங்கியது. தூரப்பார்வை உள்ளவருக்கு இது எதிர்ப்புறமாக நடக்கும், +6.00 கண்ணாடி அணிபவருக்கு ஏறத்தாழ +6.50 வேண்டும். இலக்கம் 4 க்குக் கீழே இருந்தால் இந்த வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. அதற்கு மேலே போகப் போக அது பெரிதாகும்.

வலுவுக்கு அடுத்தது வில்லையின் உட்புற வளைவும் குறுக்களவும். பெட்டியின் பக்கத்தில் 8.4 அல்லது 8.6 என்று காண்பது வளைவின் ஆரை, 14.0, 14.2 என்று காண்பது குறுக்களவு. இரண்டும் மில்லிமீற்றரில் உள்ளன. வளைவு இறுக்கமான வில்லை கண்ணைக் கவ்விக்கொள்ளும். கண் சிமிட்டும்போது அடியிலுள்ள கண்ணீர் மாறிக்கொள்ளாது. அணிபவருக்கு முதல் மணி நேரத்தில் அது மிகவும் வசதியாக இருக்கும் என்பதே இதிலுள்ள ஆபத்து. தளர்ந்த வில்லையோ ஒவ்வொரு சிமிட்டலுக்கும் சறுக்கிப் பார்வையைக் கலக்கும். நன்றாகப் பொருந்திய வில்லை சிமிட்டியதும் ஒரு மில்லிமீற்றரிலும் குறைவாகச் சற்றே அசைந்து மீண்டும் நடுவுக்கு வரும். இதைக் கண்மருத்துவ நுணுக்குக்காட்டியின் ஒளிக்கீற்றில் பார்த்துத்தான் அறிய முடியும். கடையில் பெட்டியைப் பார்த்து அறிய முடியாது.

சீட்டில் சிலிண்டர் என்ற நிரலில் எண் இருப்பவர்களின் நிலை இன்னும் சற்றுச் சிக்கலானது. அவர்களுடைய விழிவெண்படலம் பந்து போல எல்லாத் திசையிலும் ஒரே வளைவாக இல்லாமல், கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் பக்கத்தைப் போல நெடுக்கே ஒரு வளைவும் குறுக்கே இன்னொரு வளைவுமாக இருக்கும். இதைச் சிதறல் பார்வை என்கிறோம். இதற்கு ரொறிக் வில்லை வேண்டும். ரொறிக் வில்லைக்கு ஒரு திசை உண்டு. அது கண்ணில் சுழலாமல் நிற்க வேண்டும். அதற்காகவே பல வில்லைகளில் கீழ்ப்பக்கம் சற்றுக் கனமாகச் செய்யப்பட்டு, நுணுக்குக்காட்டியில் தெரியும் மெல்லிய கோடொன்றும் பொறிக்கப்பட்டிருக்கும். வில்லை 10 பாகை சுழன்று நின்றால் சிலிண்டர் திருத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது. 30 பாகை சுழன்றால் திருத்தம் முழுவதுமே வீணாகிறது. "ஒருக்காத் தெளிவாத் தெரியுது, ஒருக்கா மங்குது" என்று ரொறிக் அணிபவர் சொன்னால், இலக்கத்தைக் கூட்டுவதற்கு முன்னர் வில்லை சுழல்கிறதா என்றே பார்க்க வேண்டும். மிகச் சிறிய சிலிண்டருக்கு, 0.50 அளவில் உள்ளதற்கு, பெரும்பாலும் சாதாரண வில்லையே போதும்.

நாற்பது வயதைக் கடந்ததும் வரும் வெள்ளெழுத்துக்குப் பல்குவிய வில்லைகள் உள்ளன. அவற்றின் நடுவிலும் ஓரத்திலும் தூரத்துக்கும் கிட்டத்துக்குமான வலுக்கள் வளையம் வளையமாக அமைந்திருக்கும். இரு உருவங்களும் ஒரே நேரத்தில் கண்ணுக்குள் செல்ல, தேவையானதை மூளை பிரித்து எடுத்துக்கொள்ளும். இதற்குப் பழகச் சில வாரங்கள் ஆகலாம். மங்கிய ஒளியில் கூர்மை சற்றுக் குறையும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றக் கண்ணைக் கிட்டத்துக்கும் பொருத்தும் முறையும் உண்டு. இரவில் நெடுந்தூரம் வாகனம் ஓட்டுபவருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். கூடிய குறும்பார்வை உள்ளவர் கண்ணாடியிலிருந்து தொடுவில்லைக்கு மாறும்போது, கிட்டப் பார்க்கக் கண் முன்னையிலும் அதிகமாக உழைக்க வேண்டியிருப்பதால், அதுவரை தெரியாதிருந்த வெள்ளெழுத்து திடீரெனத் தெரியக்கூடும். புதிய வில்லையில் பிழை என்று அவர் எண்ணிவிடுவார்.

தொடுவில்லை வெறும் வசதிப் பொருளாக இல்லாமல் பார்வைக்கே ஆதாரமாகும் நிலை ஒன்றுண்டு. அது கூம்புவிழி. பெரும்பாலும் பதின்ம வயதில் தொடங்கும் இந்த நோயில் விழிவெண்படலம் மெலிந்து, நடுவுக்குச் சற்றுக் கீழே கூம்பு போல முன்னே தள்ளிவிடும். அதன் வளைவு ஒழுங்கற்றுப் போவதால் கண்ணாடியால் பார்வையை முழுமையாகத் திருத்த முடிவதில்லை. விளக்கைச் சுற்றி நிழல்கள் தெரிவதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிலிண்டர் எண் மாறிக்கொண்டே போவதும் முதற் குறிகள். ஒவ்வாமையால் கண் கடித்து, விரல் மூட்டால் அழுத்திக் கசக்கும் பழக்கத்துக்கும் இந்த நோய்க்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. ஆகவே பிள்ளை கண்ணைக் கசக்குவதைக் காணும் பெற்றோர் அதை ஏசி நிறுத்துவதோடு விடாமல், கடியை அடக்கும் மருந்துக்கு வைத்தியரிடம் கூட்டிச் செல்ல வேண்டும்.

கூம்புவிழிக்கு மெதுவில்லை பெரும்பாலும் உதவாது. அது கூம்பின் வடிவத்தையே தானும் எடுத்துக்கொள்ளும். காற்றை உட்புக விடும் வன்வில்லையே வேண்டும். அது தன் வடிவத்தை விடாமல் நிற்க, கூம்புக்கும் வில்லைக்கும் இடையிலுள்ள பள்ளங்களைக் கண்ணீர் நிரப்பிச் சீரான பரப்பாக்கிவிடும். ஒரு பொருத்தத்தை அருகிலிருந்து பார்த்தால் இது நன்றாக விளங்கும். வன்வில்லையை அணிவித்த கண்ணில் செம்மஞ்சள் நிறச் சாயத்தை ஒரு தாள்முனையால் தொட்டுவிட்டு, நீல ஒளியை வீசினால், கண்ணீர் தேங்கிய இடமெல்லாம் பச்சையாக ஒளிரும். வில்லை படலத்தை முட்டும் இடம் கரும்புள்ளியாகத் தெரியும். பச்சை நடுவில் பெரிய குளமாகத் தேங்கினால் வளைவு மிகுதி. கரும்புள்ளி அகன்றிருந்தால் வில்லை கூம்பின் முனையைத் தேய்க்கிறது. வில்லை கூம்பின் முனையை அழுத்தாமலும், பச்சை நடுவில் குளமாகத் தேங்காமலும் அமையும் வரை, சோதனை வில்லைகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு ஒரு பிற்பகலே போய்விடுவதுண்டு. கூம்பு முற்றியவருக்கும் வன்வில்லையின் விளிம்பு உறுத்துபவருக்கும் வன்கோட்டு வில்லை உண்டு. அது படலத்தைத் தொடாமல் அதன் மேல் கவிந்து, வெண்விழியின் மீது தங்கும். உள்ளே உப்புக்கரைசலை நிரப்பியே அணிய வேண்டும். வில்லை பார்வையைத் தருகிறதே தவிர நோயை நிறுத்துவதில்லை. நோய் வளர்வதை நிறுத்த, ரைபோஃபிளேவின் என்ற விற்றமின் துளிகளை இட்டு ஊதாக்கடந்த ஒளியைச் செலுத்தும் சிகிச்சை தனியாக இருக்கிறது. எல்லாம் கைவிட்ட நிலையில் படல மாற்றுச் சத்திரசிகிச்சை. 1961 முதல் இயங்கும் இலங்கைக் கண்தானச் சங்கத்தின் பணி பயன்படுவது அங்கேதான்.

மற்றக் கண் நிலைகளுக்கு வருமுன் நமது காலநிலையைச் சொல்ல வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் மோட்டார் சைக்கிளில் யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வரை போய் வருபவரின் கண்ணில் காற்றும் தூசும் சேர்ந்து கண்ணீரை உலர்த்திவிடும். நல்லூர்த் திருவிழா நாள்களில் மணலும் கற்பூரப் புகையும். இயல்பாகவே கண் உலர்ந்தவர் இச்சூழலில் அதிக நீரைக் கொண்ட மெதுவில்லையை அணிந்தால், உலரும் வில்லை கண்ணீரைத் தன்பால் இழுத்து உறுத்தலை மேலும் கூட்டலாம். அவருக்கு நீர் குறைந்த சிலிக்கன் வகை, தலைக்கவசத்தின் முகக்கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுதல், மாலையில் வீடு வந்ததும் கழற்றிவிடுதல் ஆகிய மூன்றும் சேர்ந்தே பலன் தரும். ஒவ்வாமை உள்ளவருக்கு அன்றாடம் புதிதாய் அணிந்து அன்றே எறியும் ஒருநாள் வில்லை பொருந்தும். தூசும் புரதமும் அதில் படிந்து சேர இடமில்லை. கண் சிவந்து கடிக்கும் நாளில் எந்த வில்லையும் வேண்டாம்.

நீரிழிவு உள்ளவரின் விழிவெண்படலத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். சிறு கீறலும் ஆற நாளாகும். வலியை நம்பி எச்சரிக்கையாக இருக்க அவரால் முடியாது என்பதால், வில்லை தந்தால் அடிக்கடி பரிசோதனைக்கு அழைக்க வேண்டும். வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களில் வேலை செய்பவருக்கு என் அறிவுரை, தோட்டத்தில் மூக்குக்கண்ணாடியே போதும் என்பதாகும். இலை, வைக்கோல், மண் கண்ணில் பட்டு வரும் பூஞ்சைப் புண் வெப்ப நாடுகளில் பார்வையைப் பறிக்கும் நோய்களில் ஒன்று, ஆறுவதும் கடினம். பிறவியிலேயே கண்புரை இருந்து சத்திரசிகிச்சை செய்யப்பட்ட கைக்குழந்தைகளுக்குத் தொடுவில்லை அணிவிப்பதுண்டு என்று சொன்னால் பலர் வியப்பார்கள். கண்ணினுள் வில்லை இல்லாத அந்தக் குழந்தைக்கு அது சில மாத வயதிலேயே வேண்டும். பார்வையைக் கற்றுக்கொள்ளும் காலம் காத்திருக்காது. பள்ளி வயதில் குறும்பார்வை ஏறும் வேகத்தைத் தணிப்பதற்கென ஒருநாள் வில்லை ஒன்றுக்கு, 8 முதல் 12 வயதுக்குள் அணியத் தொடங்கும் பிள்ளைகளுக்காக, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019 இல் அனுமதி வழங்கியது. பிள்ளை தானே சுத்தமாகக் கையாளுமா என்பதே அங்கு முதற் கேள்வி.

ஒருநாள் வில்லையா, மாத வில்லையா என்ற கேள்வியில் பலரும் விலையை மட்டுமே பார்க்கிறார்கள். மாத வில்லை என்றால் திறந்த நாளிலிருந்து ஒரு மாதம். முப்பது தடவை அணிவது என்று பொருளன்று. கலியாண வீடுகளுக்கும் திருவிழாவுக்கும் மட்டும் அணிபவர் மாத வில்லையை வாங்கி ஆறு மாதம் வைத்திருப்பதை விட, ஒருநாள் வில்லையில் சில சோடிகளை வாங்குவது பாதுகாப்பானது. கரைசல் போத்தலின் செலவும் இல்லை. எந்த வகையானாலும் அணிந்தபடி உறங்கக்கூடாது. மூடிய இமைக்குள் ஒட்சிசன் ஏற்கெனவே குறைவு. தொற்றின் ஆபத்து பல மடங்காகிறது.

இங்கே நான் மிகுந்த கவலையோடு எழுதுவது தண்ணீரைப் பற்றி. அந்த மாணவிக்கு முன்னர் வேறொரு பெண், வேறிடத்தில் வாங்கிய வில்லையோடு, ஒரு கண் சிவந்த நிலையில் வந்தார்.

"தங்கச்சி, லென்ஸை எதில கழுவுறனீங்கள்?"

"கிணத்துத் தண்ணியிலதான் அக்கா. உப்புத் தண்ணி இல்லை, குடிக்கிற கிணறு. நல்ல தண்ணி."

நமது ஊரில் நல்ல தண்ணீர் என்றால் உவர் இல்லாத, குடிக்கத்தக்க தண்ணீர். கண்ணுக்கு அந்த அளவுகோல் போதாது. மண்ணிலும் கிணற்றிலும் குழாய் நீரிலும் அகந்தமீபா என்ற ஒருகலத்து உயிரி வாழ்கிறது. குடித்தால் வயிற்றுக்குத் தீங்கில்லாத அது, வில்லையில் ஒட்டிக்கொண்டு விழிவெண்படலத்தை அடைந்தால் கடும் வலியுள்ள புண்ணை உண்டாக்கும். சிகிச்சை மாதக்கணக்கில் நீளும். பாதகமான நிலையில் தடித்த ஓட்டுக்குள் அது ஒடுங்கிக்கொள்வதால், கிணற்றுக்கு இடும் குளோரினும் அதைக் கொல்லப் போதாது. கொதித்தாறிய நீரும் வில்லைக்கு ஆகாது. கண்ணீரின் உப்பு அதில் இல்லாததால் மெதுவில்லை ஊதிக் கண்ணோடு ஒட்டிக்கொள்ளும். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும் சுண்ணம், நமது சுண்ணக்கல் நிலத்து நீரோடு வருவதுதான். அது வில்லையிலும் படியும். ஆகவே கிணற்றடியில் குளிப்பதற்கு முன்னரும், கீரிமலைக் கேணியில் இறங்குவதற்கு முன்னரும், கடலில் குளிப்பதற்கு முன்னரும் வில்லையைக் கழற்றிவிட வேண்டும். அந்தப் பெண்ணை அன்றே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பினேன். புண் ஆழமாகவில்லை, கண் தப்பியது.

மாத வில்லையைக் கழற்றியதும் உள்ளங்கையில் வைத்து, கரைசல் விட்டு, விரல் நுனியால் தேய்த்து, மீண்டும் கரைசலால் அலசி, புதிய கரைசலில் ஊறவைக்க வேண்டும். நேற்றைய கரைசலின் மேல் இன்றையதை ஊற்றி நிரப்புவது சுத்திகரிப்பாகாது. வெறும் உப்புக்கரைசல் கிருமியைக் கொல்லாது. ஐதரசன் பேரொட்சைட்டுக் கரைசலைப் பயன்படுத்துபவர் அதன் தனிப்பெட்டியில் ஆறு மணி நேரமாவது விட்டு நடுநிலையாக்காமல் அணிந்தால் கண் எரிந்துபோகும். பெட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, பஞ்சு உதிராத துவாயால் ஈரம் போகத் துடைத்த பின்னரே வில்லையைத் தொட வேண்டும். மிளகாய்த்தூள் இடித்த கையும், எண்ணெய் தேய்த்து முழுகிய நாளின் கையும் ஒரு தடவை கழுவினால் போதாது. திருநீறு பூசும்போது கண்ணை மூடிக்கொள்வது நல்லது. அணியுமுன் வில்லையை விரல் நுனியில் நிறுத்திப் பக்கவாட்டில் பார்த்தால், சிரட்டை போல விளிம்பு நேராக நிமிர்ந்து நிற்க வேண்டும். தட்டம் போல வெளியே விரிந்திருந்தால் உட்புறம் வெளியே புரண்டிருக்கிறது.

மணப்பெண் அலங்காரத்துக்காக நிற வில்லைகள் இப்போது இலக்கமே இல்லாமல் விற்கப்படுகின்றன. இலக்கம் இல்லை என்பதால் பொருத்தம் பார்க்கத் தேவையில்லை என்று ஆகாது. அதுவும் அதே படலத்தின் மீதுதான் அமர்கிறது. ஒருவர் அணிந்ததை இன்னொருவர் அணிவது கூடவே கூடாது. கலியாணத்துக்கு ஒரு மாதம் முன்னராவது கண்ணைக் காட்டி, இரண்டு மூன்று தடவை அணிந்து பழகிக்கொள்வது நல்லது.

அந்த மாணவிக்கு இறுதியில் −5.50, 8.6 வளைவு, ஒருநாள் சிலிக்கன் வில்லை பொருந்தியது. முதல் நாள் நான்கு மணி நேரம், பின் நாளுக்கு ஒரு மணியாகக் கூட்டும்படி சொல்லி, ஒரு வாரத்தின் பின் மீண்டும் பார்த்தேன். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். பழைய மூக்குக்கண்ணாடியை எறிந்துவிடாமல் கைப்பையில் வைத்திருங்கள். கண் சிவந்தாலோ, வலித்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, அந்தக் கணமே வில்லையைக் கழற்றிக் கண்ணாடிக்கு மாறுங்கள். கழற்றிய பின்னும் குறையாவிட்டால் மறுநாளுக்கு விடாமல் கண் வைத்தியரிடம் செல்லுங்கள். போகும்போது அந்த வில்லையையும், வைத்திருந்த பெட்டி இருந்தால் அதையும், எறியாமல் எடுத்துச் செல்லுங்கள். எந்தக் கிருமி என்று ஆய்வுகூடத்தில் கண்டறிய அவை உதவும்.